இப்படிக்கு, பொதுமக்கள்

மொட்டை மனு எழுதி வாரச் சந்தையைப் பூட்டவைத்த மகானுபாவனே, உன்னைத்தான் கேட்கிறேன். இப்போது வயிறு குளிர்ந்ததா?

'வெளிச் சரக்கு வேண்டாம், நமக்கு வேண்டியதை நாமே செய்துகொள்வோம்' என்று ஒரு பக்கம் எழுதி, கீழே 'இப்படிக்கு, பொதுமக்கள்' என்று போட்டாய். தாலுகா ஆபீஸில் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஆற்றுப் பாலத்தில் காவல், சந்தைத் திடலுக்குப் பூட்டு. ஆறு மாதம் ஆகிறது.

என் நாற்காலிக் கடை திடலுக்கு எதிரேதான். பள்ளிக்கூடம் என்னை அஞ்சாவதோடு கைவிட்டது. மிச்சத்தை அந்தச் சந்தைதான் அடித்துச் சொல்லிக்கொடுத்தது.

பூட்டிய முதல் மாதம் நல்ல ஓட்டம், பொய் சொல்ல மாட்டேன். போட்டிக்கு ஆள் இல்லை. வீட்டுக்கு வீடு என் நாற்காலி. அப்புறம்? நாற்காலி என்ன தக்காளியா, நாலு நாளில் அழுகிப்போக? ஊரே உட்கார்ந்துவிட்டது, அதோடு சரி. சந்தைக்கு வரும் வெளியூர்க்காரர்கள்தான் திரும்பும்போது என்னிடமும் இரண்டு தூக்கிக்கொண்டு போவார்கள். அது அவர்கள் வராமல் போன பிறகுதான் உறைத்தது.

இப்போது கடையில் பதினொரு நாற்காலி. பத்தில் தூசி, ஒன்றில் நான்.

ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஒருத்தன் பிரம்பு நாற்காலி கொண்டுவந்து எனக்கு நேர் எதிரே பரப்புவான்.

"சாய்ஞ்சா முறியும் சாமி, பாத்து வாங்குங்க!" என்று நான் கத்துவேன்.

"அவர்கிட்ட வாங்கினா ஆணி பிடிச்சுக்கும் சாமி, எழுந்திரிக்கவே முடியாது!" என்று அவன் கத்துவான்.

பன்னிரண்டு வருஷச் சண்டை. மத்தியானம் அவன் வாங்கித் தரும் டீயையும் திட்டிக்கொண்டேதான் குடிப்பேன். இன்றைக்கு என்னைத் திட்டக்கூட நாதியில்லை.

பேச்சுத் துணைக்கு மிச்சம் இருந்தது பக்கத்துக் கடைத் தையல்காரம்மா ஒருத்திதான். இன்று காலை கடை திறக்கும்போது பார்க்கிறேன், தையல் மிஷினைப் பழைய போர்வையில் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறாள்.

"என்ன தங்கச்சி இது?"

"அக்கரைக்கே போயிடறேண்ணே. மத்தியானம் வண்டி வருது."

"என்ன திடீர்னு?"

"திடீர்னா? மிஷின் ஊசி தீர்ந்து மூணு வாரம் ஆச்சு. போய் வாங்கிட்டு வந்தா பாலத்துலயே பிடுங்கிக்கிறாங்க. உள்ளூர் ஊசின்னு பட்டறையில ஒண்ணு அடிச்சுக் குடுத்தாங்க. அதை வச்சு சாக்கு தைக்கலாம், சட்டை தைக்க முடியாது."

எனக்குச் சுரீர் என்றது.

"ஆபீஸ்ல போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறதுதானே?"

"அப்பவே கேட்டேனே. பேரே இல்லாத மனுவை எப்படி ஏத்துக்கிட்டீங்கன்னேன். அதான் பொதுமக்கள்னு போட்டிருக்கேங்கறார் குமாஸ்தா. சரி, நானும் பொதுமக்கள்தான், மனுவை வாபஸ் வாங்கறேன்னேன். அதெல்லாம் முடியாதாம். குடுத்த அதே பொதுமக்கள்தான் வரணுமாம்!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எழுதினவன் மட்டும் கையில கிடைச்சான்னா..." என்று பல்லைக் கடித்தேன்.

"விடுண்ணே. அவர் யாருன்னு எனக்குத் தெரியும்."

"தெரியுமா? யாரு?"

"அன்னைக்கே மனுவைக் காட்டினாங்க. வேண்டாத சாமான்னு வரிசையாப் பத்து எழுதியிருக்கு. பாத்திரம் நாலாவது. துணி ஏழாவது. ஊசி கடைசி." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "முதல் சாமான் நாற்காலி."

தெருவில் ஒரு சைக்கிள் போனது. அது மூலை திரும்புகிற வரைக்கும் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஊர்ல சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"சொல்லியிருந்தா ஒருத்தரும் அந்தக் கடைப்பக்கம் தலைவச்சுப் படுத்திருக்க மாட்டாங்க. ஏற்கெனவே தனி ஆளு. பாவம், எதுக்கு?"

மூன்று வாரமாகத் தெரிந்திருக்கிறது. அந்த மூன்று வாரமும் கடை திறந்ததும் "சாப்பிட்டாச்சாண்ணே?" என்று தவறாமல் கேட்டவள் அவள்.

கேட்டுக்கொண்டாயா, மகானுபாவனே? ஒரே ஒரு பிரம்பு நாற்காலிக்காரனுக்குப் பயந்து மனு எழுதினவனே, பொதுநலம் மாதிரித் தெரியட்டும் என்று மற்ற ஒன்பதையும் சேர்த்துப் பட்டியலை நீட்டினவனே! வேறு யாரையும் இல்லை, பதினோராவது நாற்காலியில் பிடித்துவைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிற என்னைத்தான் சொல்கிறேன். ஆபீஸ் திறந்து அரைமணி ஆகிறது. ஊரே காறித் துப்பட்டும், துடைத்துக்கொள். எழுந்து போய் அந்தக் குமாஸ்தா முன்னால் நின்று, எழுதினது நான்தான் என்று வாயைத் திறந்து சொல்லுடா, வண்டி வருவதற்குள்!