ஒத்துவராத விதி

மின்னணுப் பூட்டும் சாவியும் ரகசியமாகப் பேசிக்கொள்ளும் முறையில் ஓட்டை உண்டா என்று கணினியில் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. அன்று வீட்டிலிருந்தபடியே, யார் சாவி எப்போது திறந்தது என்று பதிந்துவைக்கும் தன் வீட்டுப் பூட்டைச் சோதனைக்கு எடுத்தாள். அதற்குச் சாவி வைத்திருந்தவர்கள் இருவர்தான்: அவளும், போன மாதம் இறந்த அவள் கணவனும்.

கணினிக்கு எதையும் புட்டுப் புட்டு வைக்க வேண்டும். ஆகவே, 'இறந்தவர் கதவைத் திறப்பதில்லை' என்றும் ஒரு விதி எழுதினாள்.

கணினி ஏற்கவில்லை. 'பூட்டின் இந்த வாரப் பதிவுகளோடு இவ்விதி முரண்படுகிறது' என்றது. திரும்ப அடித்தாள். அதே பதில்தான்.

எழுந்து சமையலறைக்குப் போனாள்.

"அத்தை, நான் வேலைக்குப் போனப்புறம் யாராவது கதவத் திறந்துகிட்டு வர்றாங்களா?"

மாமியார் பூண்டு உரிப்பதை நிறுத்தவில்லை.

"உன்கிட்ட சொல்ல வேண்டாம்னான். பயந்துடுவியாம்."