குழந்தைகள் பார்க்கலாமா?

"இந்தப் படம் வேணாம் அங்கிள்" என்றாள் மிருதுளா.

ஸ்நேகா தலையாட்டினாள். இரண்டாம் வகுப்பு கேஷவ் தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். மூவரும் வைத்தீஸ்வரன் வீட்டுச் சோபாவில், தீர்ப்பு சொல்ல வந்த பெரிய மனுஷர்கள் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். படத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு அவர் வைத்துப் போன முறுக்குத் தட்டை யாரும் தொட்ட பாடில்லை.

ராஜகீழ்ப்பாக்கத்தின் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அது ஒரு வழக்கம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழே கார் நிறுத்தும் இடத்தில் திரை கட்டிக் குழந்தைகளுக்குப் படம் போடுவார்கள். எந்தப் படமானாலும் முதலில் பிள்ளைகளின் குழு ஒன்று பார்த்துவிட்டு, போடலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டும். ஒருத்தர் வேண்டாமென்றாலும் படம் கிடையாது. பார்த்தவர்கள் கதையைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது. எழில் என்ற பையன் போட்ட சட்டம் என்று சொன்னார்கள். அது யாரென்று வைத்தீஸ்வரன் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் குடிவந்தே நாலு மாதம்தான் ஆகிறது.

வந்த ஜோரில், படம் போடும் பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். தனியாள். ஆபீஸ் விட்டு வந்தால் பேச ஆளில்லை. நாலு பேர் பழக்கமாகட்டும் என்ற ஆசைதான். ஆனால் போன தடவை நடந்தது அவர் மனதில் இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில், இரண்டாவது மாடி ரமாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்காரப் போனார். "இங்க ஆள் இருக்கு சார்" என்றாள் ரமா. படம் முடியும்வரை யாரும் வரவில்லை. ஒரு படம் விடாமல் வந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் சுண்டல் கொடுப்பவள் அவள். அவருக்கும் சிரித்த முகமாகத்தான் கொடுத்தாள். ஆனாலும், புதிதாக வந்தவன் என்று ஒதுக்குகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டார்.

இப்போது பிள்ளைகளுமா?

அவரே தேடிப் பிடித்த படம் இது. ஒரு சூனியக்காரி, வீட்டில் படுத்திருக்கும் சிறுவனை இருட்டு ராஜ்யத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறாள். அவன் அம்மா அவனைத் தேடிக் கிளம்புகிறாள். அதுவரை பார்த்தவர், அலுப்பில் தூங்கிவிட்டார். மீதியை நாளைக்குக் கீழே எல்லாப் பிள்ளைகளோடும் பார்க்கலாம் என்று விட்டிருந்தார்.

"ஏன் வேணாம்?" என்று கேட்டார்.

"ரொம்ப இருட்டா இருக்கு அங்கிள்" என்றாள் ஸ்நேகா.

இருட்டு ராஜ்யத்தில் ட்யூப் லைட்டா போட்டு வைப்பார்கள் என்றார். யாரும் சிரிக்கவில்லை. சூனியக்காரியைப் பார்த்தால் பயமாக இருக்கிறதா என்றார். இல்லையாம். ரத்தம் வருகிறதா என்றார். அதுவும் இல்லையாம். தலையில்லாத பேய் வந்த படத்தை இதே மூவரும் விசிலடித்துப் பார்த்ததை அவர் நினைவுபடுத்தினார்.

"அது வேற அங்கிள்" என்றாள் மிருதுளா. ஒன்பதாம் வகுப்பு படிப்பவள். குழுவில் அவள்தான் மூத்தவள்.

வைத்தீஸ்வரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்துத் தெருப் பிள்ளைகள்வரை அழைத்தாகிவிட்டது, நாளைக்கு எல்லோர் முகத்திலும் எப்படி விழிப்பது என்று பொரிந்து தள்ளினார். மேலே விமானம் ஒன்று இரைந்துகொண்டு போய் அடங்கியது. அவர் கோபமும் அதோடு அடங்கி, வெறும் வருத்தமாக மிஞ்சியது.

"நான் செலக்ட் பண்ண படம்கிறதாலதானே வேணாங்கிறீங்க? நேராச் சொல்லிடுங்க. நான் தப்பா நினைச்சுக்க மாட்டேன்."

குரல் அவரையும் மீறித் தழுதழுத்தது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கடைசில அந்தப் பையன் வர மாட்டான் அங்கிள்" என்றான் கேஷவ். "அம்மா கையை விட்டுட்டு, நீ வீட்டுக்குப் போன்னு சொல்லிடுவான். அவங்க மட்டும் தனியாத் திரும்பி வருவாங்க."

"டேய், கதை சொல்லக் கூடாதுடா" என்று ஸ்நேகா அவன் வாயைப் பொத்தினாள்.

பையன் கண்ணில் நீர் கோத்திருந்தது. அதைப் பார்த்ததும் வைத்தீஸ்வரனுக்கு மனசு இளகிவிட்டது. பச்சைப் பிள்ளை, படத்தைப் பார்த்து மிரண்டு போயிருக்கிறது. இது தெரியாமல் கத்திவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தலையைத் தடவிக் கொடுத்தார்.

"இவ்வளவுதானா? சின்னப் பசங்க பார்த்தா அழுதுடுவாங்கன்னு பயப்படறியா?"

கேஷவ் இல்லையென்று தலையாட்டினான்.

"சின்னப் பசங்க தாராளமாப் பார்க்கலாம் அங்கிள்" என்றாள் மிருதுளா. அதுவரை பிடித்து வைத்திருந்த அழுகை அவளுக்கு வந்துவிட்டது. "ரமா ஆன்ட்டிதான் பார்க்கக் கூடாது. எழில் அவங்க பையன். போன மழையப்ப டெங்கு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனவன், திரும்பி வரல. அவங்க பக்கத்துல இருக்கிற அந்தச் சேர் அவனோடது."