ஊதா ஜன்னல்

"லைட்டை அணைக்க மாட்டேன். இடத்தையும் மாத்த மாட்டேன்."

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஊதா வீட்டம்மா பட்டென்று இப்படிச் சொன்னதும் செயலாளருக்குச் சுர்ரென்று ஏறியது.

அந்த அம்மாவுக்குச் சொந்தப் பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் பொழுது சாய்ந்தால் மூன்றாம் மாடியில் அவர் வீட்டு ஜன்னல் ஊதா நிறத்தில் எரிய ஆரம்பித்த பிறகு, யாரும் அந்தப் பேரைச் சொல்வதில்லை.

கஞ்சா வளர்க்கிறார் என்று முதலில் ஒரு வதந்தி. கமிட்டியே திரண்டு போய்ப் பார்த்தது. செடி வளர்க்கும் ஊதா விளக்குக்குக் கீழே, இரும்பு ஸ்டாண்டில் தட்டுத் தட்டாக முள்ளங்கி, கடுகு, பட்டாணி முளைக்கீரை. விரல் உயரம் வளர்ந்ததும் கத்தரிக்கோலால் நறுக்கிச் சாப்பிட வேண்டியதுதான். பொருளாளர் ஆசைப்பட்டு ஒரு பிடி முள்ளங்கி முளையை வாயில் போட்டுக்கொண்டார். காரத்தில் கண்ணீர் வந்துவிட்டது.

வந்ததற்கு ஏதாவது குறை சொல்ல வேண்டாமா? செயலாளர் ஒரு தட்டை உற்றுப் பார்த்தார். விதைகளைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு.

"பூஞ்சை பிடிச்சுக் கிடக்கு, பாருங்க" என்றார்.

அந்த அம்மா தண்ணீரைத் தெளித்தார். பஞ்சு போன இடம் தெரியவில்லை. பூஞ்சையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, வெறும் வேர்த்தூவி, வேரில் வளரும் மெல்லிய இழை. கமிட்டி மாடிப்படி இறங்கும்வரை சிரித்தது.

அந்தக் கடுப்பில்தான் செயலாளர் இந்தக் கூட்டத்தைக் கூட்டினார் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அது அநியாயம். அவர் கவலையே வேறு.

எதிர் பிளாக்கில், அந்த ஜன்னலுக்கு நேரே அவருடைய அக்காவின் கட்டில். பெற்ற தாய் போன பிறகு அவரை வளர்த்து ஆளாக்கிய அக்கா. பக்கவாதத்தில் பேச்சும் போய், வலப்பக்கமும் விழுந்துவிட்டது. தம்பி உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார். சிக்கு விழுகிறதென்று முடியை ஒட்ட வெட்டச் சொன்னார். மனசு கெடும் என்று டிவியை எடுத்துவிட்டார். பார்க்க வந்த தோழிகளை, அக்கா களைத்துப்போவாள் என்று வாசலோடு அனுப்பினார். அக்காவுக்கு எது நல்லது என்று அவருக்குத் தெரியாதா என்ன?

"அந்த வெளிச்சம் எங்க அக்கா மூஞ்சியில அடிக்குதுங்க. ஸ்டாண்டை உள் ரூமுக்குத் தள்ளிட்டா உங்களுக்கு என்ன குறைஞ்சுடும்?" என்றார், குரலை அடக்கிக்கொண்டு.

"முடியாது."

"ஒரு திரையாவது போடுங்க."

"போட மாட்டேன்."

கூட்டம் சலசலத்தது. செடி பெரிசா மனுஷன் பெரிசா என்று பொருளாளர் கேட்டார். கரண்ட்டைப் பிடுங்கினால் தானாக வழிக்கு வருவார் என்று பின்வரிசையிலிருந்து ஒரு யோசனை வந்தது. அந்த அம்மா அசரவில்லை. செயலாளரை மட்டும் நேராகப் பார்த்தார்.

"வெளிச்சம் வேண்டாம்னு உங்க அக்கா சொல்லட்டும். அடுத்த நிமிஷமே அணைச்சுடறேன்."



"பேச்சில்லாதவளைச் சொல்லச் சொல்றீங்களே, நீங்க ஒரு மனுஷியா?" செயலாளரின் குரல் உடைந்தது.

"நீங்க கேட்டுப் பார்த்தீங்களா?"

அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு அந்த அம்மா எழுந்து போய்விட்டார். கல்நெஞ்சக்காரி என்று கூட்டம் ஒருமனதாக முடிவு செய்தது.

செயலாளர் நேராகக் கடைக்குப் போனார். இருப்பதிலேயே தடிமனான கறுப்புத் திரையை வாங்கி வந்தார். பொருளாளர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அக்காவின் கட்டிலை ஒட்டிய ஜன்னலில் மாட்டினார்.

"இனிமே நிம்மதியா இரு அக்கா. ஒரு பொட்டு வெளிச்சம் வராது."

திரை சர்ரென்று மூடியது. அவர் ஏணியை விட்டு இறங்குவதற்குள் சர்ரென்று திறந்தது. அக்கா இடக்கையால் திரையின் ஓரத்தைப் பிடித்திருந்தாள். தெரியாமல் கை பட்டிருக்கும் என்று மறுபடி மூடினார். அக்கா மறுபடி திறந்தாள். அடுத்த தடவை அவள் இழுத்த இழுப்பில் திரை கம்பியோடு கழன்று பொருளாளர் தலையில் விழுந்தது.

"என்ன அக்கா இது? உன் நல்லதுக்குத்தானே பண்றேன்?"

அக்காவைப் பார்த்துக்கொள்ள வரும் பெண் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள்.

"திரை வேண்டாம் சார். அந்தம்மா விதையைத் தூவி, மேல ஒரு தட்டைக் கவிழ்த்து, கல்லை வெச்சு அமுக்குவாங்க. முளை வந்து கல்லோட சேர்த்துத் தூக்கும். அதைப் பார்க்கணும்னுதான் அக்கா தலையணையில சாய்ஞ்சு உட்காரவே பழகினாங்க. இன்னிக்கு எந்தத் தட்டை நறுக்கறதுன்னு அக்காதான் முடிவு பண்ணுவாங்க. இவங்க கை காட்டாம அந்தம்மா கத்தரிக்கோலைத் தொட மாட்டாங்க."

"எங்கிட்ட ஏன் யாருமே சொல்லலை?"

"சொன்னா நீங்க ஜன்னலையே சாத்திடுவீங்கன்னு பயம் சார். உங்ககிட்ட சொல்லட்டுமான்னு கேட்டேன். அக்கா வேண்டாம்னு கையை ஆட்டிட்டாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அந்தம்மாகிட்டயும் சொல்லி வெச்சேன்."

எதிரே விளக்கு எரிந்தது. ஊதா வெளிச்சத்தில் அந்த அம்மா ஒரு தட்டைத் தூக்கிக் காட்டினார். அதை வைத்துவிட்டு இன்னொன்றைத் தூக்கினார்.

 செயலாளருக்கு வெட்கமாக இருந்தது. ஜன்னல் பக்கம் வந்து நின்று, அக்கா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடக் கேட்காததை முதல் தடவையாகக் கேட்டார்.

"உனக்கு என்ன வேணும் அக்கா?"

அக்கா விரலை அவர் பக்கம் நீட்டி, அப்படியே சுவரோரமாக அசைத்தாள்.

மறைக்காதே, தள்ளி நில்.