கிழக்குப் பக்கம்

காணும் பொங்கல் கயிறு இழுக்கும் போட்டியில் அரிகரன் டீம் தோற்றுவிட்டது. சோரியாங்குப்பத்தில் ஆறு வருஷமாக ஜெயித்த டீம். வீட்டுக்கு வந்தும் அவனுக்கு ஆறவில்லை.

"அவனுங்க இன்னா, எங்களவிட பலசாலியா?"

பி.எஸ்சி. இயற்பியல் படித்த மனைவி மஞ்சுளா காபியைக் கொடுத்தாள்.

"கயிறு ரெண்டு பக்கமும் ஒரே பலத்துலதாங்க இழுக்கும். யாரு காலை ஊனித் தரையை நல்லா தள்றாங்களோ, அவங்களத் தரையும் திருப்பித் தள்ளும். அவங்க ஜெயிப்பாங்க. உங்களுக்குக் காலு வழுக்கிடுச்சு."

"கிழக்குப் பக்கம் மட்டும் சேறுடி."

"அங்க ஏன் நின்னீங்க?"

"எப்பவும் அங்கதான நிப்போம்? அது எங்க ராசி. அது சரி, அங்க ஏது தண்ணி?"

"காலையில கோலப் போட்டி நடந்துச்சே. தண்ணி தெளிச்சுதான கோலம் போடணும்?"

"தெளிச்ச மாதிரியா இருந்துச்சு? ஊத்தி வச்சிருக்கா! எவ போட்ட கோலம் அது?"

மஞ்சுளா அலமாரியிலிருந்து பி.எட். விண்ணப்பத்தை எடுத்து அவன் முன் வைத்தாள்.

"நாங்க தோத்தா நீ படிக்கப் போலாம்னு ஊரு முன்னாடி சொன்னீங்க இல்ல? கையெழுத்துப் போடுங்க. நாலு குடம் தூக்கினதுல எனக்கு இடுப்பு வலிக்குது."