அழித்ததெல்லாம்

“மகளோட கல்யாணப் படம்மா. தெரியாம டிலீட் பண்ணிட்டேன். வீட்டுல தெரிஞ்சா என் கதி அவ்வளவுதான்,” என்றார் தனபாலன்.

பாச்சாங் ஊரில் இரும்புக்கடை வைத்திருப்பவர். கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் அவர் கூப்பிடுவது கடை ஆபீசில் வேலை பார்க்கும் ஷாந்தினியைத்தான்.

அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருளை இறக்கி ஓடவிட்டாள். தனபாலன் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

முதலில் மாலை மாற்றும் படம் வந்தது. பிறகு மருதாணிக் கைகள். பிறகு மேடை கொள்ளாத சொந்தக்காரர்கள்.

“வந்திருச்சுலா!” தனபாலன் கை தட்டினார்.

மென்பொருள் நிற்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் அதற்கு முன்னால் அழித்தவற்றையும் தோண்டித் தோண்டி எடுத்துப் போட்டது.

அதில் ஒரு வீடியோ. பின்பக்கக் கிடங்கின் கேமரா பதிவு.

ஷாந்தினி அதைத் திறந்தாள்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது தனபாலன். காதில் போன். திரும்பிப் பார்க்காமலே பின்னால் வருகிறார். சுவரோரம் கம்பி அடுக்கிக்கொண்டிருந்த கடைத் தொழிலாளி வீரமுத்து நிமிர்வதற்குள் வண்டி அவரைச் சுவரோடு நசுக்குகிறது.

அவள் கண்ணை எடுக்கவில்லை.

வீரமுத்துவுக்கு அன்று ஒரு கால் போனது. குடித்துவிட்டு வந்து அவராகவே குறுக்கே விழுந்தார் என்று தனபாலன் போலீசில் சொன்னார். கேமரா ரிப்பேர் என்றும் சொன்னார். ஊர் நம்பியது. கோயில் வாசலில் கட்டைக்காலோடு நின்ற மனிதரின் காதுபடவே, “குடிகாரன்” என்றார்கள். தண்ணியைத் தொட்டே அறியாதவர்.

தனபாலன் மவுஸைப் பிடுங்கினார்.

“அத விடும்மா. பழைய குப்பை. கல்யாணப் படம் மட்டும் எடு.”

ஷாந்தினி அவர் கையிலிருந்து மவுஸைத் திரும்பப் பறித்தாள். தன் பென்டிரைவைச் செருகினாள். வீடியோவைச் சேமித்து, பென்டிரைவை உருவிக் கைக்குள் மூடிக்கொண்டு எழுந்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். தனபாலனால் குரலை உயர்த்த முடியவில்லை.

“உனக்கு இங்க வேலை குடுத்தது யாரு? மறந்துட்டியா?” என்று பல்லைக் கடித்தார்.

ஷாந்தினி கதவை அகலத் திறந்தாள். கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

“மறக்கல பாஸ். எங்கப்பாவோட கால்தான் குடுத்துச்சு.”