பத்தும் நடுவில்

"அறுநூறு மீட்டர்ல பத்துக் குண்டு சுட்டேன். என் இலக்குப் பலகையில ஒரு ஓட்டைகூட விழல. நாளைக்குப் போட்டி! நேத்து நீங்க மாட்டின தொலைநோக்கிதான் கோளாறு" என்று சுடுதளத்தில் துப்பாக்கி மெக்கானிக்கிடம் எகிறினார், மனைவியோடு பயிற்சிக்கு வந்திருந்த கணவர்.

மெக்கானிக் திருகாணிகளை முடுக்கிப் பார்த்தார். குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். எல்லாம் கச்சிதம். காற்றுகூட அசையவில்லை.

"பக்கத்துப் பலகையைப் பாருங்க. என் சம்சாரம் பத்தையும் நடுவுல போட்டிருக்கா. அவ துப்பாக்கி பிடிச்சே ஒரு மாசம்தான் ஆகுது!"

மெக்கானிக், பக்கத்தில் துப்பாக்கியோடு படுத்திருந்த மனைவியிடம் குனிந்தார். "கலக்கிட்டீங்கம்மா! எப்படி?"

அவள் காதடைப்பைக் கழற்றிவிட்டு, பிரிக்காத குண்டுப் பெட்டியைக் காட்டினாள்.

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லண்ணே. இவர் என் பலகையைச் சுட்டு முடிக்கட்டும்னுதான் காத்திருக்கேன்."