பொஸ்டனில் ஒரு ஜீப்

"சனமும்தானே கல்லெறிஞ்சது, அப்பா! நீங்கள் படத்திலை ஆமியை மட்டும் பிழைகாரராக் கீறியிருக்கிறியள்."

"அப்பிடிக் கீறினால்தானடி சனம் கொதிக்கும்!"

நோர்பரி வீட்டுக் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த சிவமலருக்குச் சத்தம் கேட்டது. ஊரில் ஆமி செய்த கொலைகளைக் கண்டித்துச் சனிக்கிழமை நடக்கும் ஹைட் பார்க் ஊர்வலத்துக்குக் கணவர் கீறவேண்டிய பதாகைக்காகத்தான் மகள் சண்டை பிடிக்கிறாள் என்று ஓடிவந்தாள்.

"எங்கடை ஊர் ஆமி ஜீப்பையெல்லோ கீறி வைச்சிருக்கிறியள், ஆயிரத்து எழுநூற்று எழுபதிலை ஜீப் ஏதப்பா? நான் கீறித் தாங்கோ எண்டு கேட்டது என்ரை சரித்திர ஹோம்வேர்க்கை! பொஸ்டனிலை கல்லெறிஞ்ச சனத்தை இங்கிலிஸ் ஆமி சுட்டது. அதையும் இப்பிடித்தான் ஒருத்தர் உள்ளதைவிடக் கூட்டிக் கீறிப் பரப்பினவர். அதைப் பாத்துக் கொதிச்ச சனம்தான் பிறகு புரட்சியிலை இறங்கினது."

"பாத்தியே, படம் வேலை செய்திருக்கு!" என்று சிரித்தார் பரமேஸ்வரன்.

மகள் வெறுமையாகக் கிடந்த பதாகையை எடுத்து நீட்டினாள்.

"அப்ப இதிலை எதைக் கீறப்போறியள்? நடந்ததையோ, கொதிக்க வைக்கிறதையோ?"

பரமேஸ்வரன் பதாகையை வாங்கி மேசையில் விரித்தார்.

வாசகர்களே, நீங்களாக இருந்தால் எதைக் கீறுவீர்கள்? எழுதி அனுப்புங்கள்.